மறுகாலில் அடுக்கிய மூட்டைகள்

எங்கள் ஊர்க் குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேற ஒரு கல்கட்டு உண்டு. மறுகால் என்போம். அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வது விவசாயிகளின் வழக்கம். சங்கரன்கோவில் பக்கம் மழையை நம்பிப் பிழைக்கிறவர்களிடம் வந்த தண்ணீரை விடச் சொன்னால் வயிறு எரியத்தான் செய்யும். அது எனக்கும் புரிகிறது. ஆனால் என் வீடு குளத்தங்கரைக்கு நேர் கீழே, கீழத்தெருவில் இருக்கிறது. வீட்டுக்குள் இரண்டு விசைத்தறி. அவைதான் எங்களுக்குச் சோறு போட்டன.

ஊராட்சியில் பேரிடர் மேலாண்மைக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். பெண்களும் வேண்டும் என்று மேலே இருந்து சொன்னதால் என்னையும் சேர்த்து, அலுவலகச் சுவரில் என் பெயரைப் பெயின்ட்டில் எழுதினார்கள். அடுத்த கிராம சபையில் நான் எழுந்து, மழைக்கு முன்னால் மூட்டைகளை எடுத்துவிட வேண்டும் என்றேன். தேர்தலில் ஜெயித்த தலைவி ஓரமாக உட்கார்ந்திருந்தார். பதில் சொன்னது அவர் கணவர். எங்கள் ஊரில் தலைவர் என்றால் அவர்தான்.

“ஏ தங்கச்சி, வானம் பாத்த பூமியில தண்ணிய வீணாக்கச் சொல்லுதியே, இது அடுக்குமா?”

“அண்ணாச்சி, கரை தாங்காது. ஒடஞ்சா எங்க தெருதான் போவும்.”

“எங்க தாத்தா காலத்துல இருந்து அடுக்குதோம். ஒரு நா ஒடஞ்சிருக்கா? சும்மா இரு.”

கூட்டம் சிரித்தது. மூட்டைகள் இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். குழுவில் இருந்த என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. மூட்டைக்கு மேலே தண்ணீர் வழிந்த காலையில் ஊரே மறுகாலுக்கு ஓடியது. மேளம் அடித்து, பொங்கல் வைத்து, தண்ணீருக்கு மாலை போட்டார்கள். தலைவர் பூத்தூவிப் படம் எடுத்துக்கொண்டார். மூட்டைகளைப் பிடுங்குங்கள் என்று கத்தினேன். “நல்ல நாளும் அதுவுமா அவசகுனமாப் பேசாத” என்று பக்கத்தில் நின்றவள் என் கையை இழுத்தாள்.

மேளம் ஓய்வதற்குள் எங்கள் தெருவுக்கு மேலே கரை உடைந்தது. எல்லாரும் மறுகாலில் நின்றதால் யார் உயிரும் போகவில்லை. சாமி காப்பாத்திட்டார் என்றார் தலைவர். அந்த வாயில் சேற்றை அள்ளி அப்பலாமா என்றிருந்தது. என் வீட்டில் தறியில் நெய்ய ஏற்றியிருந்த பாவு நூல் முழுக்க வண்டல் ஏறிக் கிடந்தது. தறிகளைப் பழைய இரும்புக்காரன்தான் எடுத்துக்கொண்டான். இப்போது பக்கத்துத் தெருவில் கூலிக்குத் தறி ஓட்டுகிறேன்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள், கரையை அடைத்தார்கள். வெள்ளம் வந்தால் தெருமுனையில் அடுக்கிக்கொள்ளுங்கள் என்று கீழத்தெருவுக்கென்றே சாக்குகளும் மணலும் கொடுத்தார்கள். பெண்கள் நாங்கள் உட்கார்ந்து மணலை அள்ளிப் போட்டு வாய் தைத்தோம். தைப்பதற்கு, என் தறியில் மிஞ்சிய சிவப்பு நூலை முறுக்கிக் கொடுத்தேன். வேறு எதற்கும் அது ஆகாது.

இந்த ஐப்பசியில் மழை தொடங்கிய மறுநாள், தெருமுனையில் மூட்டைகளைக் காணவில்லை. நேராக மறுகாலுக்குப் போனேன். சிவப்புத் தையல் தெரிய வரிசையாக அடுக்கியிருந்தார்கள். தலைவர் குடை பிடித்து நின்றார்.

“போன தடவ மூட்டை பிஞ்சு பிஞ்சு போச்சு” என்றார். “நீ நல்லா கெட்டியாத் தச்சிருக்க, தங்கச்சி.”