மூன்று நாள் மாத்தாள்

தைப்பொங்கல் கழிந்து வந்த திங்கட்கிழமை, செங்கோடன் முதல் பஸ்ஸில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிப் போனார். போர்வெல் லாரியில் வேலை, வடக்கே எங்கோ. மிளகு பழுக்கிற நேரத்தில் ஏன் கிளம்பினார் என்று எங்கள் மலையின் வளப்பூர் நாட்டில் யாருக்கும் விளங்கவில்லை, மனைவி பொன்னாயி உட்பட.

மறுநாளே பக்கத்துக் காட்டுச் சென்றாயன் வந்து நின்றான்.

“அக்கா, போன வருஷம் உங்க மரத்துல நான் மிளகு பறிக்க ஏறினதுக்கு அண்ணன் மூணு நாள் மாத்தாள் பாக்கிங்க.”

எங்கள் மலையில் மாத்தாள் என்றால் ஆளுக்கு ஆள். இன்று நீ என் காட்டில், நாளை நான் உன் காட்டில்; கூலிப் பேச்சே கிடையாது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்துவிட்டு வந்தால்கூட “மாத்தாள் இருந்தேன்” என்போம். ஆனால் ஏறியவனுக்கு ஏறித்தான் திருப்ப வேண்டும். களை வெட்டித் தீர்க்க முடியாது. தீர்க்காத வீட்டுக்கு மறுபடி ஆள் வராது. மிளகு கொடியிலேயே காய்ந்து உதிர்ந்துவிடும்.

பொன்னாயி நாற்பது வயதுவரை கீழே விழுந்த மிளகைப் பொறுக்கியவள். மிளகுக்கொடி படர்ந்த மரங்கள் நாற்பதடி. ஏணி ஒற்றை மூங்கில். கணுவில்தான் கால் வைக்க வேண்டும். போன வருஷம் அப்படியோர் ஏணியிலிருந்து விழுந்த எங்கள் ஊர்ச் செல்லமுத்து இன்னும் படுக்கையில் கிடக்கிறார். அவரைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர் செங்கோடன்.

புதன்கிழமை, சென்றாயன் காட்டில் தானே ஏறுவதென்று, பக்கத்து வீட்டிலிருந்த என்னை ஏணி பிடிக்கக் கூப்பிட்டாள். பல ஊர் சுற்றிவிட்டு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது எனக்கு. அடுத்து எங்கே போகலாம் என்று அதற்குள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஏணிய உட்டுறாத கண்ணு.”

“உட மாட்டேன் அக்கா.”

பத்தாவது கணுவில் நின்றுவிட்டாள். மரத்தை இரு கையாலும் கட்டிக்கொண்டாள்.

அடுத்த மரத்தடியிலிருந்து சென்றாயன் மனைவி சுகுணா கத்தினாள்: “மரத்த இப்படிக் கட்டிப் புடிச்சா எப்படிங்க அக்கா? அது என்ன செங்கோடண்ணனா?”

மேலேயிருந்து, “அந்தாளா இருந்தா இந்நேரம் நழுவியிருக்குமே” என்று குரல் வந்தது. பிறகு ஒரு மிளகுக் கொத்து என் தோளில் விழுந்தது.

மூன்று நாளும் ஏறினாள். நான்காம் நாள் சென்றாயனும் சுகுணாவும் ஏணியோடு அவள் காட்டுக்கு வந்தார்கள்.

செங்கோடன் மாதம் ஒருமுறை போன் பண்ணுவார். மழையைக் கேட்பார், ஆட்டைக் கேட்பார். மிளகைக் கேட்க மாட்டார். அவளும் சொல்லவில்லை.

அடுத்த மார்கழியில், நான் இன்னும் ஊரிலேயே இருந்தபோது, அவர் பேசி அனுப்பிய செய்தி ஒன்று வந்தது. போனை என்னிடம் நீட்டிப் போடச் சொன்னாள்.

“பொன்னாயி, இந்த வருஷமும் மிளகுக்கு வர மாட்டேன். செல்லமுத்துவத் தூக்கினதுலிருந்து ஏணியப் பாத்தாலே கை நடுங்குது. சொல்ல வெக்கமா இருந்துச்சு. சென்றாயன் மாத்தாளுக்குக் கேட்டான்னா, எங்க ஊட்டுல ஏற ஆளில்லைன்னு சொல்லிரு.”