வைரவருக்குப் பின்னால் ஒரு கதவு

கோசலாவுடன் நான் ஏழு மாதம் கதைக்கவில்லை. முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் இருவருக்கும் ஒரே மேசையில்தான் வேலை. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு பக்கம் பிடிப்பாள், நான் மறுபக்கம் பிடிப்பேன், முகத்தைப் பார்க்கமாட்டேன். எனக்கு ஆத்திரம் வந்தால் லேசில் அடங்காது.

இன்டர்லாக்கனுக்குக் கிட்ட உள்ள எங்கள் சிற்றூரில் தீயணைக்கச் சம்பளத்துக்கு ஆட்கள் இல்லை. அந்தக் காலத்தில் வீட்டுக்கொரு வாளியுடன் ஓடி வந்தார்களாம். இன்றைக்கும் தச்சரும் பேக்கரிக்காரரும்தான் அழைப்பு வந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஃபொயர்வேர் என்கிற இந்தத் தீயணைப்புப் படை ஊரார் கடமை. எங்கள் தமிழ்ச் சனம் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கழன்றுவிடும். கோசலா மட்டும் போனாள்.

முகமூடி போட்டுப் புகையறைக்குள் தவழ்ந்து, சுவரைத் தடவித் தடவிக் கதவைத் தேடுவது அவர்களுக்கு ஒரு பயிற்சி. முதல் தடவை அவள் மூலையில் சிக்கி அழுதுவிட்டாள். "கதவு இருக்கெண்டு தெரியும் அக்கா, ஆனா கையில படேல்லை" என்று என்னிடம் சொன்னாள். ஆனாலும் விடவில்லை. ஆறு வருடத்தில் முன்னணிக் குழுவுக்கே வந்துவிட்டாள்.

அவள் கணவர் நித்தியானந்தன் கோயில் தலைவர். கோயில் இருப்பது ஒரு பழைய களஞ்சியக் கட்டடத்தில். வடகிழக்கு மூலை வைரவருக்கு உரியது. அவசர வழிக் கதவும் அதே மூலையில் இருந்து தொலைத்தது. நிர்வாகசபை கதவை மறைத்து வைரவரை வைத்து, சீமெந்து பூசி, கும்பாபிஷேகமும் செய்து முடித்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னர் ஊர்ச்சபையின் தீப்பாதுகாப்பு அதிகாரி வந்தார். மொழிபெயர்க்கக் கோசலாவையும் கூட்டி வந்தார். வரைபடத்தைப் பார்த்து, இங்கே ஒரு கதவு இருக்க வேண்டுமே என்று கேட்டார்.

"நாளைக்கே வைரவரை எடுத்துப்போடுவம் எண்டு சொல்லும்" என்றார் நித்தியானந்தன்.

"எடுக்கமாட்டியளே" என்றாள் அவள் தமிழில்.

"சொல்லும். முந்நூறு சனம் வருகுது. என்ர மானம் போகும்."

அவள் சொன்னாள். நாங்கள் நாலைந்து பேர் பூக்கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அதிகாரி சிரித்தார். "நீ எங்கள் ஆள், கோசலா. உன் சொல் போதும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்க்கவேயில்லை.

திருவிழா அன்று வைரவர் அசையாமல் அங்கேயே இருந்தார். மண்டபம் நிறைந்து வழிந்தது. கோசலா தீயணைப்புக் கருவியைக் காலடியில் வைத்துக்கொண்டு காலை முதல் பின்னேரம்வரை ஓரிடத்தில் நின்றாள். சாப்பிடவில்லை, கும்பிடவுமில்லை. ஒவ்வொரு கற்பூரத் தட்டும் போகும் வழியெல்லாம் அவள் கண்ணும் போயிற்று. தலைவர் பெண்சாதி என்ற எடுப்பு என்று நான் பக்கத்திலிருந்தவளிடம் நொடித்தேன்.

ஒன்றும் எரியவில்லை. நாங்கள் வயிறாரச் சாப்பிட்டு வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை அவள் அதிகாரியை அழைத்து, தான் பொய் சொன்னதாகச் சொன்னாள். கோயில் பூட்டப்பட்டது. நித்தியானந்தன் தலைவர் பதவியை விட்டார். அவளோடு பேசுவதையும் விட்டார். காட்டிக்கொடுத்தவள் என்று சனம் சொன்னது. நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். ஃபொயர்வேரிலும் அவளை முன்னணிக் குழுவிலிருந்து எடுத்து, வீதியில் வாகனம் மறிக்க விட்டார்கள். தங்களோடு புகைக்குள் வருகிறவளின் சொல்லை நம்பவேண்டும் அல்லவா? அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆனாள். எனக்கு அப்போது துளி இரக்கமும் வரவில்லை.

போன கிழமை விரிப்பு மடிக்கும்போது பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"திருவிழா நல்லா முடிஞ்சுது. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. பேந்து ஏன் போய்ச் சொன்னனி?"

அவள் விரிப்பை மேசையில் வைத்தாள்.

"அண்டைக்கு என்ர மகள் கிருசிகாவை வெளிவாசலுக்குக் கிட்ட இருத்தினனான், அக்கா. எழும்பவே விடேல்லை. உங்கட மகள் பவதாரணி வைரவருக்கு முன்னால இருந்து தேவாரம் பாடினவள். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."