கட்டைவிரல் வைக்கக் கூடாது

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதவு திறந்துதான் இருக்கிறது.

அந்த நர்சிங் வகுப்பில் எல்லோரும் ஹாஸ்டல் பெண்கள். ஒருத்தி மட்டும் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போனாள். அதனால் அவளுக்குப் பெயரே பஸ்காரி. ஹாஸ்டல் பெண்கள் படிக்கிற அழகே தனி. ஒரே கட்டிலில் நாலு பேர் ஏறிக்கொள்வார்கள். ஒருத்தி சத்தமாக வாசிப்பாள், ஒருத்தி கேள்வி கேட்பாள், நோயாளியாகப் படுத்தவள் நிஜமாகவே குறட்டை விடுவாள். யாராவது கட்டுத் தப்பாகப் போட்டால் மற்றவர்கள் சேர்ந்து மானத்தை வாங்கிவிடுவார்கள். தப்பு அன்றைக்கே திருந்திவிடும்.

பஸ்காரிக்கு வீட்டில் இருந்தது அப்பா ஒருத்தர்தான். தினமும் சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை நீட்டுவார். அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவாள். அப்பாவுக்குத் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியாது.

"எவ்வளவும்மா?"

"எழுபத்தெட்டுப்பா. ஜம்முனு இருக்கு."

"இருக்காதா பின்னே? யாரு கை?"

அந்தக் கை கொஞ்சம் குளிர்ந்திருக்கும். ஃபேன் காற்று என்று நினைத்துக்கொள்வாள். அவர் தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். வயசானால் பசி குறையும்தானே. கொசு ஒன்று இருவருக்கும் நடுவில் வந்து நிதானமாக யோசித்துவிட்டு, எப்போதும் அவளையே கடிக்கும். அவள் ரத்தம் இனிப்பு என்பார் அப்பா.

செய்முறைத் தேர்வு வந்தது. வார்டில் ஒரு பெரியவரின் கையைப் பிடித்து எண்ணி, "நூத்திப்பத்து" என்றாள். பெரியவர் அரண்டுபோனார். டீச்சர் தானும் பிடித்துப் பார்த்தார். எழுபதுதான்.

"கட்டைவிரல வச்சு அமுக்கினா அதுல ஓடுற உன் நாடிதான்மா உனக்குத் தெரியும். பயந்துபோயிருக்க, அதான் நூத்திப்பத்து. யாரு கையில பழகின?"

"அப்பா கையில, மேடம்."

"அப்போ இத்தனை மாசமா உன்னையே எண்ணிக்கிட்டு இருந்திருக்க."

பின்னால் நின்ற ஹாஸ்டல் பெண் ஒருத்தி கிசுகிசுத்தாள். "ஏய் பஸ்காரி, உங்கப்பாவுக்கு நாடி இருக்கான்னாவது பாத்தியாடி?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"நாளைக்கு இன்னொரு தடவ பாப்போம்" என்றார் டீச்சர். "நாளைக்கும் தப்பாச்சுன்னா வீட்டுல படிச்சது போதும். பெட்டியத் தூக்கிட்டு ஹாஸ்டலுக்கு வந்துடணும்."

அப்பாவைத் தனியாக விடுவதா? எப்படியாவது தேறிவிட வேண்டும். பஸ்ஸில் வழி முழுக்க அதே நினைப்பு.

வீட்டுக்குள் நுழைந்தாள். அப்பா நாற்காலியில் இருந்தார். கேட்பதற்கு முன்பே கை நீண்டிருந்தது.

மூன்று விரல்களை வைத்தாள். கட்டைவிரலைத் தள்ளியே வைத்திருந்தாள்.

ஒன்றும் இல்லை.

இடம் தப்பியிருக்கும். சற்று மேலே... சற்றுக் கீழே... அழுத்தாமல்... அழுத்தி...

ஒன்றும் இல்லை.

சமையலறைக் குழாய் சொட்டியது. டக்... டக்... வீட்டில் சீராக இருந்தது அது ஒன்றுதான்.

"அந்தக் கையக் குடுங்கப்பா."

கொடுத்தார்.

இல்லை.

கழுத்தில் வைத்தாள்.

இல்லை...

மெல்லக் கட்டைவிரலை வைத்தாள். தட்... தட்... தட்தட்... தட்தட்தட்...

அவளுடையது.

"எவ்வளவும்மா?"

கட்டைவிரலை எடுக்காமலே சொன்னாள்.

"எழுபத்தெட்டுப்பா."

"அப்பாடா" என்றார் அப்பா.

மறுநாள் வார்டில் மூன்று விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள். பிசகில்லாமல் எழுபத்திரண்டு வந்தது. டீச்சர் காத்திருந்தார். சரியாகச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய பஸ் நின்றிருந்தது.

அதைப் பார்த்தாள்.

"நூத்திப்பத்து, மேடம்."

பெட்டியை எடுக்கக்கூட அவள் வரவில்லை. சாவியைக் கொடுத்து ஒரு ஹாஸ்டல் பெண்ணை அனுப்பியிருந்தாள். வந்தவள் காதில் போனை இடுக்கிக்கொண்டே துணிகளை அள்ளினாள். "எழுபத்திரண்டுன்னு வாய்க்குள்ள சொன்னது என் காதுல விழுந்துச்சுடி. வேணும்னேதான் தப்பாச் சொன்னா. என்ன ஆச்சுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறா." பேசியபடியே பெட்டியை நாற்காலியில் வைத்தாள். அப்பாவின் மடிமேலேயே வைத்தாள். நிதானமாக அடுக்கி முடித்துத் தூக்கிக்கொண்டு போனாள். கதவைச் சாத்த மறந்துவிட்டாள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்த நாற்காலியில் இருப்பது நான்தான்.

சாயங்காலமானால் கை தானாக நீள்கிறது. பிடிக்க ஆளில்லை. நேற்று நானே பிடித்துப் பார்த்தேன். முறைப்படி மூன்று விரல். ஒன்றும் இல்லை. சரி போகட்டும் என்று, தப்பான முறைதான் என்று தெரிந்தும், கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன்.

அதிலும் இல்லை.