கழுத்தில் ஊதாக் கோடு

புஷ்பமேரி வெளுத்தால் அது தனி வெள்ளை என்று முத்தியால்பேட்டையில் பெயர். கோயில் பீடத் துணிகள் அவள் வீட்டுக்குத்தான் வரும். கறை என்ற ஒன்றோடு அவளால் ஒரு வீட்டில் இருக்க முடியாது.

மகள் வேளாங்கண்ணிக்கு ஒன்பது வயதில் கழுத்தில் நெல்லிக்காய் போலக் கட்டிகள் வந்தன. கண்டமாலை என்று பற்றுப் போட்டார்கள், கரையவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டியை அறுத்துப் பார்த்து ஹாட்ஜ்கின் என்றார்கள், நிணநீர்க் கட்டிகளில் வரும் புற்றுநோய். மதராசுக்குப் போய்க் கரண்டு வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு. 1958இல் வேறு வழி சொல்ல ஆளில்லை.

மதராசில் கழுத்தைச் சுற்றி ஊதா மையால் கட்டம் போட்டார்கள். அதற்குள்தான் கரண்டு விழ வேண்டும். சிகிச்சை முடியும்வரை அங்கே தண்ணீர் படக் கூடாது. குழந்தையைத் தனியே படுக்க வைத்து ஈயக் கதவைச் சாத்துவார்கள். வெளியே பெஞ்சில் புஷ்பமேரி. உள்ளே போக முடியாது, எழுந்து ஊருக்கும் போக முடியாது. கோட்டோரம் வேர்வையும் அழுக்கும் படிவதை நினைத்தபடி கைகளை மடியில் இறுக்கிக்கொண்டிருப்பாள்.

கட்டி சுருங்கத் தொடங்கியது. குழந்தை முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக ஊருக்குப் போய்வர ஞாயிறு வரை லீவு கிடைத்தது. வெள்ளைக் கவுனைப் போட்டுப் பார்த்தபோது காலருக்கு மேல் ஊதா எட்டிப் பார்த்தது.

"அப்படியே போவட்டும் மேரி. சாமிக்குத் தெரியாதா?" என்றுவிட்டுப் புருஷன் தனிஸ்லாஸ் மில்லுக்குப் போனான்.

சாமிக்குத் தெரியும். ஆனால் பீடத்தில் அவள் வெளுத்த துணி விரிந்திருக்கும்; அதன் முன்னால் அவள் பெண் கறையோடு மண்டியிடுவாள். ஓரத்தை மட்டும் என்றுதான் சோப்பை எடுத்தாள். கோடு போகப் போகக் கை நிற்கவில்லை. கரண்டில் வெந்திருந்த தோல் உரிந்தது. குழந்தை அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினாள்.

ஞாயிறன்று பீடத்தின் முன்னால் வெள்ளைக் காலரில் ரத்தம் பொட்டாக ஊறியது.

திங்கட்கிழமை டாக்டர் திட்டவில்லை. புண் ஆறாமல் கரண்டு வைக்க முடியாது என்றார். அதற்குள் கட்டி திரும்ப வளருமா என்று கேட்டாள். வளரலாம் என்றார்.

பிறகு லீவே இல்லை. வார்டு ஜன்னல் கம்பிக்கு அப்பால் யாரோ சரியாக அலசாத போர்வைகள் காய்ந்தன. தினமும் காலையில் மகளின் கழுத்தை விரலால் தடவுவாள். புண் ஆறுகிறதா, கட்டி எழும்புகிறதா? இரண்டும் ஒரே இடம்.

புண் ஆறியது. அதற்குள் காதுக்குக் கீழே பட்டாணி அளவு ஒன்று முளைத்திருந்தது. டாக்டர் அதையும் சேர்த்துப் பெரிய கட்டமாகப் போட்டார். மை காயும்வரை வேளாங்கண்ணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையப் பின்னால கட்டிக்கோம்மா."

புஷ்பமேரி கட்டிக்கொண்டாள். ஈயக் கதவைச் சாத்தினார்கள்.