உறைக்கு அடியில் இருந்த கட்டி

என் கணவருக்கு ஒரு வாரம் மலம் தார்போலக் கறுத்துப் போயிருக்கிறது. தானாக நின்றுவிட்டதால் என்னிடம் சொல்லவில்லை. பிறகு வேலை செய்யும் செனாவாங் தொழிற்சாலையில் படியேறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்றார்கள். வாய்வழியாகக் கேமரா விட்டு வயிற்றைப் பார்க்க மருத்துவமனையில் நாள் குறித்தார்கள்.

வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று நான்கு முறை சொல்லியிருந்தேன். காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று தாதி கேட்டதும், "பால் போடாத கோப்பி ஓ மட்டும்தான் மிஸ்ஸி. கூட ஒரு ரொட்டி சானாய்" என்றார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்பாங்கானில் வீடு வந்து சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் தெருவே கூடியிருக்கும்.

அடுத்த முறை நானே காவல் இருந்து கூட்டிப்போனேன். இரைப்பையில் மழமழவென்று ஒரு புடைப்பு தெரிந்தது. அதில் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். எல்லாம் சாதாரணம் என்று முடிவு வந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கட்டி உள்தோலுக்கு அடியில், இரைப்பைச் சுவருக்குள் இருக்கிறதாம். கிள்ளியது அந்த உள்தோலை மட்டும்தானாம். நுனியில் ஸ்கேன் உள்ள இன்னொரு குழாயை விட்டு, ஊசியால் கட்டிக்குள்ளிருந்தே துணுக்கு எடுக்க வேண்டும் என்றார்.

என் கணவர் காதில் விழுந்தது 'சாதாரணம்' மட்டும்தான். புக்கிட் பெலண்டோக்கில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு, "ஒன்னும் இல்லையாம் லா" என்றார். நாத்தனாரும், "ஒடம்பு சூடுதான் தம்பி, எளநி குடி" என்று முடித்துவிட்டார்.

இரண்டு மாதம் இதே பாட்டு. ஒருநாள் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"மெத்தைக்கு அடியில தேங்கா கெடக்குது. ஒறையக் கிள்ளிப் பாத்துட்டு தேங்காயே இல்லைன்னு சொல்லுவீங்களா?"

அப்படியே படியில் உட்கார்ந்தார். "அந்தக் குழாய் ரொம்ப தடிப்பா இருக்குமா?" என்று மெல்லக் கேட்டார். அப்போதுதான் புரிந்தது, மனுஷனுக்குப் பயம்.

ஊசியில் உண்மை வந்தது. இரைப்பைச் சுவரில் வளரும் ஸ்ட்ரோமல் கட்டி, ஒருவகைப் புற்றுநோய். பரவவில்லை. கட்டியோடு இரைப்பையில் ஒரு துண்டையும் வெட்டி எடுத்தார்கள்.

நான்காம் நாள் நாத்தனார் வார்டுக்கு வந்தார். இவர் தலையணையில் சாய்ந்தபடி, "மொத டெஸ்ட்ட நம்பக்கூடாதுக்கா. நான்தான் இன்னொன்னு எடுத்தே ஆகணும்னு நின்னேன்" என்றார்.

நான் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டேன்.