பாதி முகத்துக்குப் பொட்டு

திண்டிவனம் சந்தையில் வாங்கிய மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்து, வேர்க்கடலையைக் கொட்டிய காகிதத்தில்தான் முதல் வண்டுப் படம் கிடைத்தது. பாதி வண்டு. வெளிநாட்டு அச்சு, காலில் இருக்கும் மயிரைக்கூட எண்ணலாம். மீதிப் பாதியைத் தேடிப் பழைய பேப்பர் கடைக்கே போனேன். ஏதோ பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட கட்டு அங்கே கிடந்தது: வௌவால் எலும்பு, வளர்ந்து தேயும் நிலா, குறுக்கே வெட்டிய கிழங்கு. கீழே இருந்த எழுத்து, மூன்றாவதோடு படிப்பை முடித்த எனக்கு விளங்கவில்லை. அதனால் என்ன, நான் வாங்கியது படத்தைத்தானே!

விழுப்புரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்குக் கூடத்தில் ஒரு சுவராவது வேண்டாமா? சட்டம் போட்டு எல்லாவற்றையும் அதில் மாட்டினேன். கடைசிப் படத்தில் இருந்தவள்தான் வம்பு. பாதி முகம் அழகான பெண், மறுபாதி மண்டையோடு.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அத்தக் கழட்டி அடுப்புல போடுடி. வர்றவங்க எழுந்து ஓடிடப் போறாங்க," என்றார் மாமியார்.

"இதுக்கே ஓடுறவன், உங்க பொண்ணு தூங்கி எழுந்த மூஞ்சியப் பாத்தா இன்னா பண்ணுவான் அத்தை?"

நாத்தனார் சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. "நீ கழட்டலன்னா நான் கழட்டுறேன்."

அவர் முக்காலி எடுத்து வருவதற்குள் கண்ணாடிமேல், நெற்றிக்கு நடுவே, பெரிதாகக் குங்குமம் வைத்துவிட்டேன். பாதி தோலில், பாதி எலும்பில்.

"இன்னாடி இது?"

"பொட்டு வெச்ச பொம்பள, அத்தை. அடுப்புல போடணும்னா மொதல்ல பொட்ட அழிச்சிடுங்க."

குறும்பாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமனார் போய் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. படத்தைக் கழற்ற நீட்டிய மாமியாரின் கை திரும்பி, தம் வெறும் நெற்றியைத் தொட்டது.

"வுடு. அவளுக்காச்சும் இருக்கட்டும்."

விருந்தாளிகள் வந்தபோது, தாலியறுத்தவள் நல்ல காரியத்தில் எதிரே வரக்கூடாது என்ற வழக்கப்படி, மாமியார் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மாப்பிள்ளையின் தாயார் காபியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே முறைத்தாள்.

"யாரும்மா இது, பேஜாரு? நல்ல காரியம் பேசுற எடத்துல! மொதல்ல கழட்டுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. மாமியார் கூடத்தின் நடுவே வந்து நின்றார்.

"எங்க ஊட்டுப் பொம்பளதாங்க. எங்கயும் போவ மாட்டா. நீங்க காபியக் குடிங்க, ஆறிப்போவுது."