கவிழ்த்து நெய்த திரை

பாச்சாவின் முழுப் பெயர் பார்த்தசாரதி. சம்பளச் சீட்டைத் தவிர அந்தப் பெயர் வேறெங்கும் புழங்கியதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் பால்காரரிலிருந்து பட்டாச்சாரியார் வரை எல்லோருக்கும் அவர் பாச்சாதான். எனக்கும் அப்படியே. நேரில் மட்டும் ஒரு 'சார்' சேர்த்துக்கொள்வேன், அதுவும் எனக்குக் கோபம் வராத நாட்களில்.

கோபம் வரும் நாட்கள்தான் அதிகம். ஒரு செருப்புக் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதில் நானும் அவரும், அவ்வளவுதான் ஆபீஸ். சென்னையில் ஒரு கம்பெனி பட்டு நெசவுக்கு டிசைன் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் பூ வரைந்தால், தறியில் மாட்டும் அட்டையில் எங்கெங்கே ஓட்டை குத்தவேண்டும் என்று அது சொல்லிவிடும். விற்பது அவர்கள், வாங்கினவர்களிடம் திட்டு வாங்குவது நாங்கள். போன் எடுப்பது என் வேலை. அந்த சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் எழுதி இணையதளத்தில் ஏற்றுவது பாச்சாவின் வேலை.

அவர் அப்பா அர்ச்சகர். காலேஜ் முடிக்கும்வரை பாச்சாவும் அவரோடு கர்ப்பக்கிருகத்தில் நின்று கைங்கரியம் செய்தவர்தான். பிறகு கம்ப்யூட்டர் படித்தார், பேண்ட் போட்டார், கோயில் பக்கம் போவதையே விட்டுவிட்டார். அப்பா சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். "திட்டியிருந்தா ரெண்டு நாள்ல மறந்திருப்பேன் லில்லி" என்று ஒருமுறை சொன்னார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அந்த இணையதளத்தைத்தான் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் புரியவில்லை என்று யாராவது போனில் சொல்லிவிட்டால் போதும், மத்தியானச் சாப்பாடு இறங்காது மனுஷனுக்கு.

இரண்டாயிரத்து ஆறில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. பக்கங்கள் அனுமார் வால் மாதிரி நீளுகின்றன, யார் உருட்டிப் படிப்பார்கள், எல்லாவற்றையும் டேப் டேப்பாகப் பிரித்துப் போடுங்கள் என்று. அதாவது பக்கத்தின் தலைப்பில் ஃபைல் காதுகளைப் போல வரிசையாகச் சில பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் அதற்குரிய விஷயம் மட்டும் தெரியும். மற்றவை மறைந்துகொள்ளும். பாச்சா முதலில் முனகினார். பிறகு எங்கெங்கோ தேடிப் படித்துச் செய்து முடித்ததும், புதுப் பொம்மை கிடைத்த குழந்தையாகிவிட்டார். "பாரேன், பாரேன்" என்று என்னைக் கூப்பிட்டு ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திக் காட்டினார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும் என்று.

அட்டை குத்துவதைப் பற்றிய பக்கத்தில் இரண்டு டேப். தறியில் இரண்டு விதம் உண்டு. சிலர் துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி நெய்வார்கள். சிலர் நல்ல பக்கம் தரையைப் பார்க்க, கவிழ்த்து நெய்வார்கள். கவிழ்த்து நெய்கிறவர் கண்ணுக்குப் படுவது பின்பக்கம். ஆகவே அவருக்கு அட்டை குத்தும் முன்னால் கம்ப்யூட்டரில் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட வேண்டும். முன்பு இது நீளப் பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. இப்போது 'நிமிர்த்தி நெய்பவர்கள்' முதல் டேப், 'கவிழ்த்து நெய்பவர்கள்' இரண்டாவது டேப்.

மாதங்கள் ஓடின. யாரும் குறை சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. பூவும் மாங்காயும் எந்தப் பக்கம் திரும்பி இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தணிகாசலம் படியேறி வந்தார். முசரவாக்கத்தில் நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு அட்டை குத்தும் கடை வைத்திருந்தவர். கூடவே ஒரு பெண், கையில் மஞ்சள் துணி மூட்டை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நீலாம்பாள் என்று பெயர் சொன்னாள்.

"சார், இந்தத் தாள்ல இன்னா போட்டு இருக்குதோ அப்படியேதான் குத்தினேன்" என்று தணிகாசலம், எங்கள் இணையதளத்திலிருந்து அச்செடுத்த ஒரு கசங்கிய தாளை மேஜைமேல் வைத்தார். "ஒரு ஓட்டை மாத்தல. இப்ப இந்தம்மா என் கடை வாசல்ல உக்காந்து அழுதுக்கினு இருக்குது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

நீலாம்பாள் மூட்டையைப் பிரித்தாள். அரக்குப் பட்டில் ஒரு சின்னத் திரை. சந்நிதி வாசலில் தொங்கவிடும் திரை. நடுவில் ஜரிகையில் நாமம், இரண்டு பக்கமும் சங்கும் சக்கரமும். கண்ணைப் பறித்தது. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். "நல்லாத்தானேம்மா இருக்குது, எதுக்கு அழுவுற?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

பாச்சாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ரத்தம் சுண்டிப்போயிருந்தது.

"இடம் மாறிடுத்து" என்றார் மெதுவாக. பெருமாளுக்கு வலது கையில் சக்கரம், இடது கையில் சங்கு. அவர் நம்மைப் பார்த்து நிற்கிறவர், ஆகவே நமக்கு இடப்பக்கம் சக்கரம் தெரியவேண்டும். இந்தத் திரையில் இடப்பக்கம் சங்கு இருந்தது. எனக்கு அது அன்றுதான் தெரியும். அவர்களுக்கோ அது சாமியின் கையையே மாற்றிப் போட்டது மாதிரி.

நீலாம்பாளின் மகள் தீபிகாவுக்குப் பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு. எட்டு வயது. அப்பாவோடு சென்னை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். திங்கட்கிழமை ஆபரேஷன். பிழைப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. ஊர்க் கோடியில் இருக்கும் சின்னப் பெருமாள் கோயிலுக்குத் தன் கையால் திரை நெய்து, ஆபரேஷனுக்கு முன்னால் போடுவதாக நீலாம்பாள் வேண்டிக்கொண்டிருந்தாள். மகளோடு போகாமல் தறியில் உட்கார்ந்தது அதற்காகத்தான்.

"நெய்யறப்ப தெரியலியாம்மா?" என்றேன்.

"கவுத்துதானம்மா நெய்வேன். இழை அறுந்துச்சான்னு தினம் அடியில கண்ணாடி வச்சிப் பாத்தேன். சக்கரம் சரியான பக்கந்தான் தெரிஞ்சிது. இன்னிக்குக் காலையில அறுத்து எடுத்துத் திருப்பறேன், இப்படி இருக்குது."

கண்ணாடி இடம் வலமாக மாற்றிக் காட்டும். தப்பாக வந்ததை அது தினம் தினம் சரியாகக் காட்டியிருக்கிறது.

"சாமி என் கையால வாங்கிக்க மாட்டேன்னு சொல்லிடுச்சி சார்" என்றாள். "அப்போ என் பொண்ணு..."

பாச்சா அந்தக் கசங்கிய தாளை எடுத்துப் பார்த்தார். 'நிமிர்த்தி நெய்பவர்கள்' மட்டும் இருந்தது. எழுந்து போய்த் தன் பக்கத்தைத் திறந்து அச்சுக்குக் கொடுத்தார். பிரிண்டர் கரகரத்து ஒரே ஒரு தாளைத் துப்பியது. இரண்டாவது டேப்பில் இருந்தது எதுவும் வரவில்லை. மறைந்தது கம்ப்யூட்டர் திரையில் மறைந்ததோடு தாளிலும் மறைந்துபோயிற்று. தறிக்காரர்கள் யாரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படிப்பதில்லை, தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டிவைத்துத்தான் வேலை செய்வார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒருமுறைகூட அச்செடுத்துப் பார்க்கவில்லை. கோயிலில் திரை போட்டால் உள்ளே பெருமாள் இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். பாச்சா போட்ட திரைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறதென்று தணிகாசலத்துக்கு எப்படித் தெரியும்?

"தப்பு உங்க மேல இல்லே" என்று தணிகாசலத்திடம் சொன்னார். பிறகு நீலாம்பாளிடம் திரும்பினார். "உங்க மேலயும் இல்லேம்மா. பெருமாள் மேலயும் இல்லே. இந்தப் பக்கத்தைப் பண்ணினது நான்."

சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரிடம் போய் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சார் நீங்க! அந்தம்மா உசுரு போவுது, நீங்க கீபோர்டைத் தட்டிக்கினு இருக்கீங்க!"

"இந்த நிமிஷம் வேற யாராவது பிரிண்ட் எடுத்துண்டிருப்பான் லில்லி. கொஞ்சம் பேசாம இரேன்" என்றார். ஒரு வரியை நாலு தடவை தப்பாக அடித்து அழித்தார். அச்செடுக்கும்போது மட்டும் எல்லா டேப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரியும்படி செய்து, மறுபடி அச்செடுத்து, இரண்டு தாளும் வந்த பிறகுதான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

தாள் சரியாகிவிட்டது. திரை அப்படியே கிடந்தது. மறுபடி நெய்ய நாள் இல்லை. ஜரிகையைப் பிரித்தால் பட்டு கிழியும். கடையில் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று தணிகாசலம் சொன்னதற்கு, "என் கையால நெய்யறேன்னுதான வேண்டிக்கினேன்" என்று நீலாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் பாச்சா, "பட்டரையே கேட்டுப் பார்க்கலாம், வாங்கோ" என்றார். அந்தக் கோயில் பட்டர் ராஜகோபால் அவருடைய அப்பாவின் தம்பி. பாச்சா அவரோடு பேசிப் பல வருஷமாகியிருந்தது. நால்வரும் ஆட்டோவில் இடித்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் நீலாம்பாள் மூட்டையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தாள்.

பட்டர் திரையை விரித்துப் பார்த்தார். பாச்சாவைப் பார்க்கவில்லை.

"இதை எப்படிம்மா போடறது? திருக்கோவலூர்ல பெருமாள் சங்கு சக்கரத்தை இடம் மாத்தித்தான் வெச்சிண்டிருக்கார், அது அவர் இஷ்டம். இங்கே நிக்கறவர் அப்படி இல்லையே."

"சாமி, என் பொண்ணு சாமி" என்று நீலாம்பாள் தரையில் விழுந்துவிட்டாள். பட்டருக்கும் கண் கலங்கிற்று. ஆனாலும் தலையை ஆட்டினார். நான் கொடிமரத்தருகே நின்று, எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது?

பாச்சா சந்நிதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பழைய திரை தொங்கியது. அதன் ஓரம் காற்றில் மடங்கி, உள்பக்கம் தெரிந்தது. சட்டென்று குனிந்து நீலாம்பாளின் திரையை எடுத்துப் புரட்டினார். பின்பக்கம் முழுக்க ஜரிகை இழைகள் பிசிறு பிசிறாக ஓடின. ஆனால் சக்கரம் இடப்பக்கம் வந்திருந்தது.

"சித்தியா" என்று பட்டரைக் கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் கேளுங்கோ. சின்ன வயசுலேர்ந்து நான் திரைக்கு உள்பக்கம் நின்னவன். வெளியில ஜனங்க பாக்கற பக்கத்தை நான் பாத்ததே அபூர்வம். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பின்பக்கம்தான், பிசிறும் தையலும். பெருமாளுக்கும் அதேதான். இத்தனை காலமும் நாம அவருக்குக் காட்டினது பின்பக்கம். இதைப் புரட்டி மாட்டுங்கோ. சேவிக்கறவாளுக்கு இடம் சரியா இருக்கும். உள்ளேர்ந்து பார்த்தா அவரோட வலது கைப் பக்கம் சக்கரம், இடது கைப் பக்கம் சங்கு. அவர் கையிலே இருக்கற மாதிரியே."

நீலாம்பாள் எழுந்து அந்தப் பிசிறுகளைத் தடவிப் பார்த்தாள். பாவம், நெய்கிறவளுக்கு அதைவிட அவமானம் உண்டா? வருகிறவன் போகிறவனெல்லாம் இவள் நெசவின் பின்பக்கத்தைத்தான் பார்க்கப்போகிறான்.

"ஊரு சிரிக்கும்" என்றாள். மறுபடி ஒரு தடவை தடவிவிட்டு, "சிரிக்கட்டும். நல்ல பக்கம் அவருக்கு. போட்டுருங்க சாமி" என்றாள்.

பட்டர் முதல்முறையாகப் பாச்சாவின் பக்கம் திரும்பினார். "குளிச்சுட்டு வாடா. உள்ளே வேஷ்டி இருக்கு. எனக்குக் கை எட்டாது, நீயே மாட்டு."

பாச்சா கிணற்றடிக்கு ஓடினார். ஈரத் தலையோடு, நெற்றியிலும் உடம்பிலுமாகப் பன்னிரண்டு திருமண் நாமத்தோடு வந்தவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. உள்ளே போய்த் திரையை மாட்டினார். பட்டர் இழுத்துவிட்டார். எங்களுக்குத் தெரிந்தது கலைந்த தலைமுடி மாதிரி ஒரே இழைக்கூட்டம், அதற்குள் இடப்பக்கம் சக்கரம், வலப்பக்கம் சங்கு. நீலாம்பாள் கைகூப்பி நின்றாள். வெகுநேரம் கழித்துப் பாச்சா வெளியே வந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது, அது கிணற்றுத் தண்ணீர் இல்லை.

"உள்ளேர்ந்து பாத்தேன் லில்லி" என்றார். "சரியா இருக்கு."

திங்கட்கிழமை எங்கள் இருவருக்கும் வேலை ஓடவில்லை. பாச்சா ஒவ்வொரு பக்கமாக அச்செடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆபீஸ் போன் அடித்தபோதெல்லாம் இருவரும் துள்ளினோம். ஒருவன் பாஸ்வேர்டு மறந்தவன், ஒருவன் ராங் நம்பர். விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி அடித்தது. எடுத்ததும் பழக்கதோஷத்தில் தினம் கேட்பதையே கேட்டேன்.

"சொல்லுங்க, இன்னா பிரச்சனை?"

"ஒரு பிரச்சனையும் இல்லம்மா" என்றாள் நீலாம்பாள். "கண்ணைத் தொறந்துட்டா. சார்கிட்ட சொல்லிடு."